மனைவியின் ஊரில் ஓய்வுக்காலம்: ஓர் ஆங்கிலேயக் கணவருக்கு விசா தேர்ந்தெடுத்த விதம்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் மனைவி. செவிலியராக 2002-ல் இங்கிலாந்துக்குப் போனார், 2011-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். முதல் மணம் முறிந்து பல ஆண்டுகள் கழித்து, லீட்ஸ் நகரில் ரயில்வேயில் மின்பணியாளராக இருந்த, மனைவியை இழந்த ஓர் ஆங்கிலேயரைச் சந்தித்தார். 2018-ல் இருவரும் ஊருக்கு வந்து குலதெய்வக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2024-ல் கணவருக்கு 66 வயது நிறைந்து அரசு ஓய்வூதியம் தொடங்க இருந்தது. ஊரில் மனைவியின் அம்மாவுக்கு வயது 84. மனைவியின் தம்பி வீட்டில்தான் அம்மா இருக்கிறார், அவருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

குடும்பங்களுக்கு இந்த மாதிரி ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுத அந்தத் தம்பதி சம்மதித்தார்கள். சட்டம், கட்டணம், தொகை ஆகியவை மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கின்றன.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்? நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். 66 வயதில் நாடு மாறுபவருக்கு இன்னும் இருபது ஆண்டு வாழ்க்கை இருக்கலாம். அவருக்குக் கிடைக்கப்போகும் அனுமதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பிடி நழுவினால் அவர் கதி என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். சீக்கிரம், மலிவு எல்லாம் அதற்கு அப்புறம்.

தம்பி சொன்ன வழி

மனைவியின் தம்பிக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "எதுக்குக்கா இவ்வளவு பேப்பரு? டூரிஸ்ட் விசா எடுத்துக்கலாம். மாமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கொழும்புக்குப் போயிட்டு வந்தாப் போதும். எத்தனை பேரு அப்படி இருக்காங்க" என்றார்.

உண்மையில் அப்படி இருப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தியாவின் சுற்றுலா மின்விசா, ஐந்தாண்டு வகையே ஆனாலும், குடியிருப்பதற்காக உண்டானதல்ல. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. நாட்டுக்கு வெளியே போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. அதைவிட முக்கியமான இன்னொன்று: இந்தியாவுக்குள் இருந்தபடி ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினரும் அவர்களின் கணவரோ மனைவியோ இந்தியாவில் வாழ்நாள் முழுவதும் தங்க அனுமதி தரும் அட்டை) விண்ணப்பிக்க நினைப்பவர் சுற்றுலா விசாவில் இருக்கக் கூடாது. அதாவது இன்றைக்கு எளிதாகத் தெரிகிற வழி நாளைய நல்ல வழியை அடைத்துவிடும். எழுபது வயதை நெருங்கும் ஒருவரை ஆண்டுதோறும் விமான நிலைய அதிகாரியின் மனநிலையை நம்பி வாழ வைப்பது எனக்குச் சம்மதமில்லை. தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன்.

முதலில் மனைவியின் காகிதம்

கணவரின் விசாவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் மனைவியின் பழைய பாஸ்போர்ட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது. அவர் 2011-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற நாளிலேயே, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிட்டது. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டை அவர் ஒப்படைக்கவே இல்லை. அது லீட்ஸ் வீட்டு அலமாரியில், நகைப்பெட்டிக்கு அடியில் இருந்தது. நல்லவேளையாக அதைப் பயன்படுத்திப் பயணம் எதுவும் செய்யவில்லை. அம்மாவைப் பார்க்க வந்தபோதெல்லாம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா எடுத்துத்தான் வந்திருக்கிறார்.

நம்மவர்களில் ஏராளமானோர் இதே நிலையில் இருக்கிறார்கள். காலாவதியான பாஸ்போர்ட்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அதை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்காமல் ஓசிஐ அட்டைக்கு நகர முடியாது. மனைவிக்கு ஓசிஐ இல்லையென்றால், "ஓசிஐ அட்டை உள்ளவரின் கணவர்" என்ற தகுதி கணவருக்கு எங்கிருந்து வரும்? அவர் நிற்க வேண்டிய தளமே அங்கே இல்லை.

இன்னொரு வழியும் பேச்சில் வந்தது. மனைவி மறுபடியும் இந்தியக் குடியுரிமை பெற்றால் என்ன? ஐந்து ஆண்டு ஓசிஐ அட்டையோடு இருந்து, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வாழ்ந்தவர் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம் என்று 5-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமையை விட வேண்டும். அவருடைய மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். ஒரு பேரக்குழந்தையும் பிறந்துவிட்டது. அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். கணவரின் தகுதிக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் இந்தியக் குடிமகளின் கணவருக்கும் ஓசிஐ அட்டை உள்ளவரின் கணவருக்கும் சட்டம் ஒரே வாசலைத்தான் வைத்திருக்கிறது.

எந்தக் கல்யாணம்?

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான். வெளிநாட்டுப் பிறவியான கணவரோ மனைவியோ ஓசிஐ பெற, குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு கேட்பது இது: திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டாவது நிலைத்திருக்க வேண்டும். கூடவே பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமைத் தொடர்பு உள்ளவர்களுக்கு இந்த வாசல் கிடையாது. அது இவர்களுக்குப் பொருந்தவில்லை.

2023-ல், என்னிடம் வருவதற்கு முன்பே, ஒரு முகவர் மூலம் கணவருக்கு ஓசிஐ கேட்டிருக்கிறார்கள். திருமண நாள் என்று அந்த முகவர் நிரப்பியது 2018 கோயில் கல்யாணம். சான்றாக வைத்தது கோயில் ரசீதும் நான்கு புகைப்படங்களும். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

திரும்பாமல் எப்படி இருக்கும்? மனைவிக்கே அப்போது ஓசிஐ இல்லை. அதோடு, கணவர் பிறப்பால் கிறிஸ்தவர், மதம் மாறவில்லை. இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். இந்து, கிறிஸ்தவர் இடையே இந்து முறைப்படி நடக்கும் திருமணம் அந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மதம் மாறாமல் மணப்பவர்களுக்கு உள்ள வழி 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். கோயிலில் மாலை மாற்றி, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணம் இது. அதைக் காகிதம் கேட்கிறவர்கள் கல்யாணமாக எண்ணவில்லை என்பது மனைவிக்கு மிகவும் வலித்தது. அந்த வலி நியாயமானது. அதே சமயம் பதிவுப் புத்தகத்தில் ஏறாத ஒன்றை ஓர் அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

நல்லது என்னவென்றால், 2022 அக்டோபரில் இருவரும் லீட்ஸில் பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி திருமணம் செய்திருந்தார்கள். கணவரின் வேலை ஓய்வூதியத்தில் மனைவிக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதை அவர்கள் "அந்தப் பேப்பர் வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதுதான் கை கொடுத்தது.

இந்த இடத்தில் தம்பி இன்னொரு யோசனை சொன்னார். கோயில் கல்யாணத்தை இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் 2018 தேதிக்கே பதிந்துவிட்டால் இரண்டு ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டதாக ஆகுமே? ஆகாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில், வேறு முறையில் நடந்த திருமணத்தைப் பின்னால் பதிய 15-வது பிரிவு இடம் தருகிறது. அதற்கு மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், 30 நாள் அறிவிப்பும் உண்டு. ஆனால் 18-வது பிரிவின்படி, சான்றிதழ்ப் புத்தகத்தில் பதிவு ஏறிய நாளிலிருந்துதான் அது அந்தச் சட்டத்தின் திருமணமாகக் கருதப்படும். தேதி பின்னால் போகாது. அதற்கு மேல் வளைத்து ஏதாவது செய்தால் அது பொய்த் தகவல். பொய்த் தகவலோ மறைப்போ கொண்டு பெற்ற ஓசிஐ பதிவை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று 7டி பிரிவில் முதல் காரணமாகவே இருக்கிறது. அட்டை வந்து பத்து ஆண்டு கழித்து, ஊரில் வேர்விட்ட பிறகு, அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்குவதை யார் விரும்புவார்கள்?

எனவே 2022 அக்டோபரிலிருந்து எண்ணினோம். 2024 அக்டோபரில் இரண்டு ஆண்டு நிறையும்.

இடைப்பட்ட காலத்துக்கு எக்ஸ் விசா

இங்கிலாந்திலேயே காத்திருந்து, அக்டோபருக்குப் பின் அங்கேயே கணவருக்கு ஓசிஐ கேட்டு, வந்ததும் கிளம்புவது ஒரு வழி. பதற்றமில்லாதது. ஆனால் வாழ்க்கைத் துணை வழியில் வரும் ஓசிஐக்குப் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும். அம்மாவின் உடல்நிலை அதுவரை பொறுக்குமா என்று மனைவி கவலைப்பட்டார்.

ஆகவே வரிசையை இப்படி அமைத்தோம். மனைவி 2024 வசந்தத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் பெற்று, உடனே தன் ஓசிஐக்கு விண்ணப்பித்தார். பிறப்பு வழித் தகுதி என்பதால் அதில் சிக்கல் எதுவும் வரவில்லை. கோடையிலேயே அட்டை கைக்கு வந்தது. அதைக் காட்டிக் கணவர் நுழைவு விசா என்கிற எக்ஸ் விசா கேட்டார். ஐந்து ஆண்டு வரை, பலமுறை வந்துபோகும் வசதியோடு தரக்கூடிய விசா அது. செப்டம்பரில் இருவரும் சென்னையில் இறங்கினார்கள்.

எக்ஸ் விசாவில் 180 நாளுக்கு மேல் தங்க வருபவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது இது அந்த அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியாகவே நடக்கிறது. வந்த களைப்பு, விருந்து, கோயில் என்று இரண்டு வாரம் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் முகவரிச் சான்று, மனைவியின் அட்டை, திருமணச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விமானம் ஏறும் முன்பே தயாராக வைக்கச் சொல்லியிருந்தேன். வந்த முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார்கள்.

எக்ஸ் விசாவிலேயே காலம் முழுக்க இருந்துவிட முடியாதா என்று கணவர் கேட்டார். இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் திருமண உறவு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், விலாசம் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். துணையின் இருப்பையே நம்பி நிற்கும் அனுமதி அது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மனைவிதான் கேட்டார்: "நான் முதல்ல போயிட்டா இவர கிளம்பச் சொல்லிடுவாங்களா?"

விசாவைப் பற்றி வயதான தம்பதியர் கேட்க வேண்டிய கேள்விகளிலேயே இதுதான் பெரியது. பெரும்பாலோர் கேட்பதில்லை. துணை வழியில் பெற்ற ஓசிஐ எப்போது போகும் என்று 7டி பிரிவு எழுதி வைத்திருக்கிறது: திருமணம் நீதிமன்றம் மூலமோ வேறு வகையிலோ முறிந்தால், அல்லது இந்தத் திருமணம் இருக்கும்போதே இன்னொருவரை மணந்தால். துணையின் மரணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஓசிஐ வாழ்நாள் முழுவதற்குமான அனுமதி, பதிவுக்கோ நீட்டிப்புக்கோ போய் நிற்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை, ஓசிஐ கட்டணமோ காத்திருப்போ எவ்வளவு இருந்தாலும் அதை நோக்கியே போக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மணமுறிவு நேர்ந்தால் மட்டும் நிலைமை வேறு. மனைவியின் அட்டை பிறப்பால் வந்தது, அது அவரோடே இருக்கும், கணவருடையது போகலாம். இருவரையும் உட்கார வைத்து இதை ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் லீட்ஸ் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு வரலாம் என்று அன்றைக்கே தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தியாவில் இருந்தபடி விண்ணப்பம்

இந்தியாவில் விண்ணப்பிப்பவர் இங்கே தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். செப்டம்பரில் வந்தவர்களுக்கு 2025 ஏப்ரல் சரியாக இருந்தது. நடுவில் கணவர் கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து போக ஆசைப்பட்டதைத் தள்ளிப் போடச் சொன்னேன். கட்டணம் 15,000 ரூபாய். வெளிநாட்டில் விண்ணப்பித்திருந்தால் 275 டாலருக்கு இணையான தொகை.

வெளிநாட்டில் வாங்கிய திருமணச் சான்றிதழ், ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையோடு இருக்க வேண்டும். அதைப் பிரிட்டிஷ் அரசின் சான்றுறுதி அலுவலகம்தான் தரும். இங்கே வந்த பிறகு நினைவுக்கு வந்தால் சான்றிதழைக் கூரியரில் அனுப்பி, காத்திருந்து, திரும்ப வாங்க வேண்டும். கிளம்பும் முன்பே திருமணச் சான்றிதழின் இரண்டு பிரதிகளுக்கும், மனைவியின் முதல் மணமுறிவு ஆணைக்கும், கணவரின் முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கும் முத்திரை வாங்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது திருமணம் என்றால் முதலாவது எப்படி முடிந்தது என்ற காகிதம் கட்டாயம் தேவைப்படும். முகவர்கள் இதைப் பல நேரம் சொல்வதே இல்லை.

காவல்துறை விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். சேர்ந்துதான் வாழ்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார். அன்றைக்குக் கணவர் மாமியாரைத் திண்ணையில் உட்கார வைத்துக் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாராம். எதிர்வீட்டு அம்மா சொன்ன இந்தச் சாட்சியே விசாரணைக்கு வந்தவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு கடைசியில் அட்டை வந்தது.

பணத்தின் பக்கம்

விசா முடிவை ஓய்வூதியத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் அங்கே ஆண்டுதோறும் உயரும், ஆனால் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு அந்த உயர்வு கிடையாது. 2024-25-ல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 221.20 பவுண்டு. 2025-26-ல் அது 230.25 ஆனது. இவர் வந்தது 221.20 காலத்தில், இந்தியாவில் இருக்கும்வரை அந்த எண்ணிலேயே நிற்கும். முதல் ஆண்டிலேயே வாரத்துக்கு 9 பவுண்டு வித்தியாசம், இருபது ஆண்டில் அது எங்கே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தன் வாழ்நாள் முழுதும் காப்பீட்டுப் பங்கு கட்டிய ஒருவருக்கு, மனைவியின் ஊரில் வாழ்கிறார் என்பதற்காக உயர்வை மறுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். திரும்பிப் போய்க் குடியேறினால் தொகை நடப்பு விகிதத்துக்கு உயர்ந்துவிடும். லீட்ஸ் வீட்டு வாடகை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

வரியில் ஒரு சலுகைக்காலம் உண்டு. ஆண்டுக்கு 182 நாளுக்கு மேல் இங்கே இருப்பதால் வருமான வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். ஆனால் முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவர் முதல் சில ஆண்டுகள் "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற வகையில் வருவார். அப்போது வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெறும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. அதன் பிறகு உண்டு. இதை ஒரு பட்டயக் கணக்காளரிடம் அனுப்பிவிட்டேன்.

மருத்துவக் காப்பீடு தனிக் கவலை. இங்கிலாந்தை விட்டு நிரந்தரமாக வெளியேறினால் அங்கே இலவச மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரிமை போய்விடும். இங்கே, 2024 ஏப்ரலிலிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் வயதை மட்டும் காட்டிக் கதவைச் சாத்த முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டுக்காகத் தனியாக ஒரு வைப்புத்தொகை ஒதுக்கினார்கள்.

வயலும் வீடும்

அப்பா விட்டுப்போன நன்செயில் மனைவிக்கு ஒரு பங்கு உண்டு. பக்கத்து வயல் விலைக்கு வந்தபோது கணவருக்கு ஆசை வந்துவிட்டது. ஓசிஐ உள்ளவர்கள் குடியிருப்பு வீடு வாங்கலாம். விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. இது மனைவிக்கும் பொருந்தும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. பிறந்த மண்ணில் ஒரு மா நிலம் வாங்க முடியாதா என்று கேட்டார். வாரிசுரிமையாக வரும் பங்கை வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டுமே நான் சொல்ல முடிந்த ஆறுதல். வீட்டுக்கு மட்டும் இருவரும் தனித்தனியாக உயில் எழுதினார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார் கணவர், தடையில்லை. ஆனால் 2021 மார்ச் அறிவிக்கையின்படி மதப் பிரசாரம், ஆய்வு, பத்திரிகைப் பணி, மலையேற்றம் போன்றவற்றுக்கு ஓசிஐ உள்ளவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு தேவாலயத்தில் இவரைப் பிரசங்கம் செய்ய அழைத்தபோது முதலில் என்னைக் கேட்டார். அனுமதி வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றேன். ஞாயிறு ஆராதனையில் கலந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டார்.

இனி செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. துணை வழியில் ஓசிஐ பெற்றவர் ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகல், புதிய புகைப்படம், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழி, துணையின் பாஸ்போர்ட், ஓசிஐ நகல் ஆகியவற்றை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அவருடைய பாஸ்போர்ட் 2028-ல் முடிகிறது. தேதியை மனைவியின் தம்பி தன் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.